கல்வி உண்டியல் செல்லுபடியாக வேண்டும்

வணிகவியல் பயிலும் ஏழை மாணாக்கர் ஒருவரை நமது வாசகர்கள் மனத்தில் கொள்வார்களாக. பகற்பொழுது கலாசாலையில் கழிகிறது. மாலைப்பொழுது தகப்பனாரின் மளிகைக் கடையில் கழிகிறது. கடை சாத்திய பின்னர், இரவு ஒன்பது மணிக்கு மேல், அவர் தமது செல்பேசியைத் திறந்து கணினிக்கு நிரல் எழுதும் வித்தையின் ஆரம்பப் பாடத்தைக் கேட்கிறார். பன்னிரண்டு வாரம் விடாது கேட்டு, வாரந்தோறும் பயிற்சிகளை எழுதியனுப்பி, முடிவில் குறித்த நகரத்துக்கு நேரிற் சென்று பரீட்சை எழுதித் தேறுகிறார். சான்றிதழும் வந்துவிடுகிறது. அதை எடுத்துக்கொண்டு ஆவலோடு தமது கலாசாலைக் காரியாலயத்தை அடைந்தால், “இந்தப் பாடம் நம்முடைய ஜாபிதாவில் இல்லை, இதனைப் பட்டக் கணக்கில் சேர்ப்பதற்கில்லை” என்று விடை கிடைக்கிறது. படித்தது பொய்யா? பரீட்சை பொய்யா? இரண்டும் மெய். ஆயினும் பட்டத்தைப் பொறுத்தவரை அந்த மாணாக்கர் ஒன்றும் படியாதவரே.

இது ஒரு கற்பனை உதாரணந்தான். ஆனால் இப்படி நேர்வதற்கு இன்றைய ஏற்பாட்டில் தாராளமாக இடமிருக்கிறது. அதைப் பற்றியே இன்று நாம் எழுத விரும்புகிறோம்.

முதலில் விஷயத்தை விளக்குவோம். கலாசாலைப் படிப்பை அளப்பதற்கு இக்காலத்தில் ‘கிரெடிட்’ என்னும் அலகு வழங்கி வருகிறது. ஒரு பாடத்துக்கு இத்தனை கிரெடிட் என்றும், ஒரு பட்டத்துக்கு மொத்தம் இத்தனை கிரெடிட் என்றும் கணக்கு. படிப்பை நேரத்தால் அளக்கும் இவ்வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. 1906-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கார்னெகி ஸ்தாபனம், கலாசாலை ஆசிரியர்களுக்கு உபகாரச் சம்பளம் வழங்க முற்பட்டபோது, எந்த ஸ்தாபனம் மெய்யான கலாசாலை என்று பிரித்தறியும் பொருட்டு, அதிற் சேரும் மாணாக்கர் உயர்தரப் பள்ளியில் எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்பதற்கு ஓர் அலகை வகுத்தது. ஆசிரியர் உபகாரச் சம்பளத்துக்காகப் பிறந்த அளவுகோல், நாளடைவில் உலகத்துச் சர்வகலாசாலைகள் பலவற்றுக்கும் படியளக்கும் மரக்காலாகிவிட்டது.

இந்த அலகின் பெரிய பிரயோஜனம் என்ன? ஓரிடத்தில் படித்ததை வேறோரிடத்தில் கணக்கிற் கொள்ளலாம் என்பதே. நாட்டுக்கோட்டைச் செட்டிமார்களின் உண்டியல் வழக்கத்தை நமது முதியோர் அறிவார்கள். கோயிலில் காசு போடும் உண்டியலைச் சொல்லவில்லை. வியாபாரிகள் எழுதிக் கொடுக்கும் பணச்சீட்டைச் சொல்லுகிறோம். ரங்கூனில் பணத்தைக் கட்டிச் சீட்டு வாங்கினவர், காரைக்குடியில் அச்சீட்டைக் காட்டிப் பணத்தைப் பெறுவார். கடல் கடந்து பணமூட்டையைச் சுமக்க வேண்டிய அவசியமில்லை. சீட்டை எழுதினவரிடத்தில் சீட்டைப் பெறுபவருக்கு நம்பிக்கை இருந்தது; அந்த நம்பிக்கையே நாணயம். கிரெடிட் என்பதும் இத்தகைய கல்வி உண்டியல்தான். அதை எழுதிக் கொடுக்க ஆள் உண்டு; மாற்றிக் கொடுக்கத்தான் சிலருக்கு மனமில்லை.

நமது தேசத்தில் இந்த ஏற்பாடு வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். 2003-ஆம் ஆண்டில் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, சர்க்கார் பொருளுதவியுடன் ‘என்.பி.டி.இ.எல்.’ என்னும் திட்டத்தைத் தொடங்கின. பேராசிரியர்களின் விரிவுரைகளைப் படம் பிடித்து எவரும் இலவசமாகக் காணும்படி இணையத்தில் வைப்பதே அதன் ஆரம்ப நோக்கம். பின்னர் வாரப் பயிற்சிகளும் நேர்முகப் பரீட்சையும் சான்றிதழும் வந்து சேர்ந்தன. 2016-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஓர் ஒழுங்குமுறையை இயற்றி, ஒரு பருவத்துக்குரிய பாடங்களில் 20 சதவீதம் வரை இணையவழியில் கற்கலாம் என்று அனுமதித்தது. 2017-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆம் தேதி ‘ஸ்வயம்’ என்னும் தேசிய இணையக் கல்வி மேடை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2021-இல் முன்சொன்ன வரம்பு 40 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில், மாணாக்கர் ஈட்டும் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் பொருட்டுக் ‘கல்விக் கிரெடிட் வங்கி’ என்ற ஒன்றும் ஏற்படுத்தப்பட்டது. அதில் வைத்த கிரெடிட் பொதுவாக ஏழு ஆண்டு வரை செல்லும் என்பது விதி.

இவ்வளவும் நல்ல ஏற்பாடுகளே. அந்நிய நாட்டுக் கம்பெனிகள் இத்தகைய பாடங்களை டாலர் கணக்கில் விற்றுவரும் இக்காலத்தில், நமது சொந்த ஆசிரியர்கள் நமது சொந்த மேடையில் பாடத்தைக் கட்டணமின்றிக் கற்பிக்கிறார்கள். பரீட்சை எழுத விரும்புவோர் மட்டுமே கட்டணம் செலுத்துகிறார்கள். இதனைச் சுதேசியம் என்று சொல்ல நாம் கூசவில்லை.

நிரல் எழுதும் ஆரம்பப் பாடத்தை நாம் உதாரணமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணமுண்டு. வணிகவியல், சரித்திரம், பொருளாதாரம், தாவரவியல் முதலிய எதைப் பயிலும் மாணாக்கருக்கும் அது பிரயோஜனமுள்ளது. சென்னைக் கணிதக் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் பைதான் என்னும் நிரல் மொழியைக் கொண்டு நடத்தும் எட்டு வாரப் பாடமும், ரோப்பர் தொழில்நுட்பக் கழகத்தின் சுதர்சன் ஐயங்கார் நடத்திவந்த பன்னிரண்டு வாரப் பாடமும் இவ்வகையில் பேர்பெற்றவை. எட்டு வாரத்துக்கு இரண்டு கிரெடிட்டும் பன்னிரண்டு வாரத்துக்கு மூன்று கிரெடிட்டும் என்பது வழக்கமான கணக்கு.

இப்பாடத்தில் கற்பதென்ன என்று அரசியல் ஊழியர்களான நமது அன்பர்கள் கேட்கலாம். அவர்களுக்குப் பழக்கமான ஒரு காரியத்தைக் கொண்டே விளக்குகிறோம். ஆயிரம் பெயர்கள் அகர வரிசையில் அடுக்கப்பட்ட ஒரு வாக்காளர் ஜாபிதா கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெயர் அதில் உளதா இலதா என்று அறிய வேண்டும். முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சென்றால், ஆயிரம் பெயர்களையும் பார்க்க நேரிடலாம். நடுப்பெயரை முதலிற் பார்த்து, தேடும் பெயர் அதற்கு முன்னா பின்னா என்று தீர்மானித்து, வேண்டாத பாதியைத் தள்ளிவிட்டு, எஞ்சிய பாதியின் நடுவை மறுபடி பார்த்து, இவ்வாறே செய்துகொண்டு போனால் பத்துத் தடவைக்குள் விடை கிடைத்துவிடும். பத்து லட்சம் பெயர்களாயினும் இருபது தடவை போதும். இந்த யுக்தியைச் சந்தேகத்துக்கு இடமின்றிப் படிப்படியாக எழுதி இயந்திரத்துக்குக் கட்டளையிடுவதே நிரல் எழுதுதல். ஒரு காரியத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்தல், நிபந்தனை வகுத்தல், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதை ஒரே முறையில் சொல்லி முடித்தல், தவறு நேர்ந்தால் அது எந்த வரியில் நேர்ந்தது என்று பொறுமையுடன் தேடித் திருத்துதல் ஆகிய பழக்கங்களை அது உண்டாக்குகிறது. தர்க்க சாஸ்திரத்தைப் பாடமாக ஏற்கும் சர்வகலாசாலை, இதனைப் பாடமாக ஏற்பதில் என்ன தடை இருக்கக்கூடும்?

பாஷையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நிரல் எழுத ஆங்கிலப் புலமை வேண்டும் என்ற அச்சம் நமது கிராமத்து வாலிபர்களிடையே உண்டு. பைதான் மொழியில் ஒதுக்கிவைக்கப்பட்ட ஆங்கிலச் சொற்கள் சுமார் 35 மட்டுமே. எண்களுக்கும் பட்டியல்களுக்கும் நாம் இடும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுத 2008-இல் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பு முதல் இடமுண்டு. விரிவுரைகள் பல ஆங்கிலத்தில் இருப்பது உண்மையே. அவற்றிற் பலவற்றின் உரையைத் தமிழிலும் பெயர்த்து வெளியிட்டிருக்கிறார்கள், அது போற்றத்தக்கது. ஆனால் வாரப் பயிற்சியும் பரீட்சையும் தமிழில் நடைபெறும் வரை, தமிழ் வழியிற் படித்த மாணாக்கருக்கு இந்தக் கதவு பாதியே திறந்திருக்கிறது என்றுதான் நாம் சொல்லுவோம்.

இனி, முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்ப்போம். ஸ்வயத்தில் எந்தெந்தப் பாடங்களைத் தன் பட்டக் கணக்கில் ஏற்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் மாணாக்கர் பயிலும் ஸ்தாபனத்தின் கல்விக் குழுவிடம் இருக்கிறது. தகுந்த ஆசிரியர் இல்லாத பாடங்களுக்கும், விருப்பப் பாடம் நடத்த வசதி இல்லாத இடங்களுக்கும் இந்த வழியைக் கைக்கொள்ளலாம் என்பது 2016-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் கருத்து. குழு ஏற்றுக்கொண்ட பாடத்தில் மாணாக்கர் தேறினால் அந்தக் கிரெடிட்டை அளித்தே தீரவேண்டும். குழு ஏற்காத பாடமானால், அல்லது குழு அதைப் பற்றி யோசிக்கவே இல்லையானால், மாணாக்கரின் உழைப்புக்குக் கதி என்ன? சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்; அவ்வளவுதான்.

சான்றிதழ் வேறு, கிரெடிட் வேறு என்பதை ஜனங்கள் இன்னும் நன்கு உணரவில்லை. பாடத்தைக் கேட்டு முடித்ததற்கு இணையத்தில் எத்தனையோ ஸ்தாபனங்கள் சான்றிதழ் வழங்குகின்றன. அவையெல்லாம் பட்டக் கணக்கில் சேர்ந்துவிடமாட்டா. கிரெடிட் வங்கியிலும் இதே சூக்ஷ்மம் உண்டு. வங்கி கிரெடிட்டைப் பத்திரமாக வைத்திருக்கும். அதைக் கொண்டு எந்தப் பட்டத்தின் எந்தப் பாகத்தை நிரப்பலாம் என்று தீர்மானிப்பது பட்டமளிக்கும் ஸ்தாபனமே. பையில் நாணயம் இருக்கிறது, கடைக்காரர் வாங்க மறுக்கிறார் என்றால், அந்த நாணயத்தால் பசி தீருமா?

ஆரம்பப் பாடத்துக்கு மற்றோர் இடைஞ்சலும் உண்டு. பொறியியல் மாணாக்கருக்கு நிரல் எழுதுதல் முதலாண்டிலேயே கட்டாயப் பாடமாக அமைந்துவிடுகிறது. ஆகையால் அவர் இணையத்தில் அதையே மறுபடி படித்தால், ஒரே பாடத்துக்கு இருமுறை கிரெடிட் கேட்பதாக முடியும். அதை மறுப்பது நியாயமே. இலக்கியமோ வணிகமோ பயிலும் மாணாக்கருக்கோ அது புதிய பாடம். விருப்பப் பாடமாக ஏற்கத் தடை சொல்வதற்கில்லை. இந்த வேறுபாட்டை முன்கூட்டியே எழுதி வைத்தால் எவருக்கும் ஏமாற்றமில்லை. எழுதி வைக்காமல், பரீட்சை முடிந்து வந்தபின் கையை விரிப்பதையே நாம் அநியாயம் என்கிறோம்.

எதிர்த்தரப்பாரின் ஆக்ஷேபணைகளையும் நாம் அலட்சியம் செய்யவில்லை. இணையப் பயிற்சிகளுக்கு விடைகளைப் பிறரிடமிருந்து காப்பியடிக்கிறார்கள் என்பது முதல் ஆக்ஷேபணை. காப்பியடிப்போர் இல்லை என்று நாம் வாதிக்கமாட்டோம். அதற்காகவே என்.பி.டி.இ.எல். பாடங்களில் பொதுவாக வாரப் பயிற்சிக்கு 25 மதிப்பெண்ணும், கண்காணிப்பாளர் முன்னிலையில் எழுதும் பரீட்சைக்கு 75 மதிப்பெண்ணும் வைத்திருக்கிறார்கள். பயிற்சியில் 25-க்கு 10-ம், பரீட்சையில் 75-க்கு 30-ம் தனித்தனியே பெறாதவருக்குச் சான்றிதழ் இல்லை. பிறர் எழுதிய விடையால் பரீட்சை மண்டபத்தில் தேற முடியாது. நமது கலாசாலைகளின் உள்மதிப்பீட்டைவிட இது எவ்வகையில் தாழ்ந்தது என்று அவர்களே சொல்லட்டும்.

உபாத்தியாயர்களின் உத்தியோகம் போய்விடும் என்பது இரண்டாவது ஆக்ஷேபணை. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆசிரியரை நியமிக்காமல் காலம் கடத்த விரும்பும் நிர்வாகிகளுக்கு, இணையப் பாடம் ஒரு சாக்காகப் போய்விடக் கூடாது. ஒப்பந்தச் சம்பளத்தில் ஆண்டுக்கணக்காகத் தவிக்கும் விரிவுரையாளர்களின் வயிற்றிலடித்து வரும் சீர்திருத்தம் நமக்கு வேண்டுவதில்லை. ஆனால் அந்த ஒழுங்குமுறையே, கணினிக்கூடம் முதலிய வசதிகளைக் கலாசாலை இலவசமாகத் தரவேண்டும் என்றும், மாணாக்கருக்கு வழிகாட்ட ஓர் ஆசிரியரைக் குறிப்பிட்டு நியமிக்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. அந்த விதியை நேர்மையுடன் நிறைவேற்றினால் ஆசிரியரின் வேலை குறையாது. நிரல் கற்பவர் ஒரு சிறு பிழையில் இரண்டு நாள் சிக்கித் தவிப்பது சாதாரணம். அருகில் நின்று, ‘இந்த வரியைப் பார், அப்பா’ என்று சொல்ல ஒருவர் இல்லாமையால் பாதியில் விட்டவர் பலர் இருப்பர். அந்த ஆசிரியரின் உழைப்பை அவரது வேலைநேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

வெளியே படித்ததை ஏற்றால் பட்டத்தின் கௌரவம் குன்றும் என்பது மூன்றாவது ஆக்ஷேபணை. சரித்திரத்தை மறந்தவர்களே இதனைச் சொல்லுவார்கள். 1857-இல் நிறுவப்பெற்ற சென்னைச் சர்வகலாசாலை, லண்டன் சர்வகலாசாலையைப் பின்பற்றி, பரீட்சை நடத்திப் பட்டமளிக்கும் ஸ்தாபனமாகவே தொடங்கிற்று. கற்பித்தல் வேறிடத்தில் நடந்தது. லண்டனோ 1858 முதல், கலாசாலை வாசலை மிதியாதவரும் பரீட்சை எழுதிப் பட்டம் பெறலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. நம் நாட்டில் 1962-இல் டில்லிச் சர்வகலாசாலை தபால் வழிக் கல்வியைத் தொடங்கிற்று. 1971-இல் மதுரை அதைப் பின்பற்றியது. அப்போதும் ‘தபாலில் வந்த பட்டம்’ என்று எள்ளி நகையாடினவர்கள் இருந்தார்கள். அந்தப் பட்டத்தைக் கொண்டு ஆசிரியராகவும் அதிகாரியாகவும் உயர்ந்தவர்கள் இன்று எல்லாக் கட்சிகளிலும் இருக்கிறார்கள்.

தேசாபிமானிகளுக்கு நாம் நினைவூட்ட விரும்பும் சரித்திரம் இன்னொன்று உண்டு. 1906-இல் வங்காளத்துத் தலைவர்கள் தேசியக் கல்விச் சபையை நிறுவினார்கள். அந்நிய சர்க்காரின் சர்வகலாசாலையைச் சாராமல், விஞ்ஞானமும் தொழிற்கல்வியும் தேசிய முறையில் கற்பிப்பதே அதன் நோக்கம். ஒத்துழையாமைக் காலத்தில், 1920-இல் குஜராத் வித்யாபீடமும் ஜாமியா மில்லியாவும், 1921-இல் காசி வித்யாபீடமும் தோன்றின. அங்கே படித்தவர்களுக்கு அறிவு இருந்தது, தியாகம் இருந்தது, சர்க்கார் அங்கீகாரம் மட்டும் இல்லை. ‘உன் சான்றிதழ் செல்லாது’ என்று அந்நிய ஆட்சி சொன்ன சொல்லைத் தாங்கிக்கொண்டு அவர்கள் வாழ்ந்தார்கள். வங்காளச் சபையின் தொழிற்கலாசாலை, சுதந்தரம் வந்த பின்பு, 1955-இல்தான் ஜாதவ்பூர்ச் சர்வகலாசாலையாக மலர்ந்தது. அன்று செல்லாது என்றவன் அந்நியன். இன்று நமது சொந்தச் சர்க்காரின் பொருளில், நமது சொந்தப் பேராசிரியர்கள் கற்பித்து, நமது சொந்த மண்டபத்தில் பரீட்சை வைத்து அளித்த சான்றிதழை, நமது சொந்தக் கலாசாலையே செல்லாது என்று சொல்லுமானால், அதற்கு என்ன பெயர் கொடுப்பது?

ஆதலால் நாம் வேண்டுவது இவ்வளவே. முதலாவது, ஒவ்வொரு கலாசாலையும் தான் ஏற்கும் இணையப் பாடங்களின் ஜாபிதாவை, எந்தப் பட்டத்தில் எந்தப் பாடத்துக்கு ஈடு என்ற விவரத்துடன், பருவம் தொடங்குவதற்கு முன்பே தமிழில் வெளியிட வேண்டும். இரண்டாவது, ஒரு பாடத்தை ஏற்க மறுத்தால் காரணத்தை எழுத்து மூலம் கூற வேண்டும். காரணம் கூறாத மறுப்பு செல்லாது என்று சர்வகலாசாலை விதி செய்ய வேண்டும். மூன்றாவது, கிரெடிட்டுக்காகப் பரீட்சை எழுதித் தேறிய ஏழை மாணாக்கருக்குப் பரீட்சைக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான்காவது, ஆரம்பப் பாடங்களிலேனும் பயிற்சியையும் பரீட்சையையும் தமிழில் எழுத வசதி செய்ய வேண்டும். இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவில்லை. மனம் வேண்டும், அவ்வளவே.

நமது ஊழியர்கள் இதில் செய்யத்தக்க வேலை உண்டு. தங்கள் ஊர்க் கலாசாலைக்குச் சென்று, இந்த ஆண்டு ஏற்கும் இணையப் பாடங்கள் எவை என்று கேட்பார்களாக. சர்க்கார் கலாசாலை வாய்மொழியாகச் சொல்ல மறுத்தால், 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு எழுதிக் கேட்பார்களாக. சர்வகலாசாலை ஆட்சிக் குழுவில் இடம்பெற்றுள்ள அன்பர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பிரஸ்தாபிப்பார்களாக. மேடையில் கல்வியைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்வதைவிட, ஒரு கலாசாலையின் ஜாபிதாவில் ஒரு வரியைச் சேர்த்துவைப்பது பெரிய தேசசேவையாகும்.

மாணாக்கர்களுக்கும் ஒரு வார்த்தை. பாடத்தில் சேருமுன், அது உங்கள் பட்டத்தில் இத்தனை கிரெடிட்டாகக் கொள்ளப்படும் என்று கலாசாலையிலிருந்து எழுத்து மூலம் பெற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பருவப் பரீட்சையும் இணையப் பரீட்சையும் ஒரே நாளில் மோதுகின்றனவா என்று முன்னதாகவே பாருங்கள். கிரெடிட் வங்கியில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் கலாசாலை ரிஜிஸ்தரில் உள்ளபடியே இருக்கட்டும். வாரப் பயிற்சியைப் பிறரைப் பார்த்து எழுதாதீர்கள். அது உங்களுக்கு மட்டுமன்றி, உங்களுக்குப் பின் வருவோரின் சான்றிதழுக்கும் செய்யும் துரோகம். உண்டியலின் நாணயம் அதை எழுதிக் கொடுப்போரிடத்தும் மாற்றிக் கொடுப்போரிடத்தும் மட்டுமன்றி, அதைச் சுமந்து வருவோரிடத்தும் இருக்கிறது.

கடையை அடைத்துவிட்டு இரவில் கண்விழித்துப் படிக்கும் அந்த வாலிபர், எவரிடமும் தானம் கேட்கவில்லை. உழைத்து ஈட்டியதைக் கணக்கில் எழுதுங்கள் என்றே கேட்கிறார். கலாசாலை அதிபதிகள் அவரது உண்டியலை மதித்து ஏற்பார்கள் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஏற்காவிடின், ஏற்கும்படி செய்வது பொதுஜனங்களாகிய நமது கடமை.